அக்காவுக்குச் செய்த மூன்று கைப்பிடிகள்

என் மேசையின் கீழ் இழுப்பறையில் மூன்று காகிதப் பொட்டலங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் உடைந்த ஒரு பிளாஸ்டிக் கைப்பிடி. தந்த நிறம், என் அக்காவின் வலது உள்ளங்கையின் வடிவம். கொடுத்த நாள், உடைந்த நாள், உடைந்த இடம், அடுக்கின் திசை ஆகியவற்றைப் பொட்டலத்தின் மேல் எழுதி வைத்திருக்கிறேன். எதற்கும் தேதி போட்டு வைப்பது என் வழக்கம். கிணற்றில் தண்ணீர் எத்தனையாவது உறையில் நிற்கிறது, பாலாற்றில் எந்த நாள் தண்ணீர் வந்தது, எந்தப் புத்தகத்தை எப்போது படித்து முடித்தேன், எல்லாவற்றுக்கும் என்னிடம் நோட்டு உண்டு. முதல் இரண்டு பொட்டலங்களில் எழுத்து தாளின் நடுவில் நேராக இருக்கிறது. மூன்றாவதில் மட்டும் ஒரு மூலையில் சாய்ந்து, நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கிறது. அதை ஏன் அப்படி எழுதினேன் என்று போன வாரம் வரை எனக்கே தெரியாமல் இருந்தது.

அக்காவுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இடது காலில் இரும்புக் கம்பியும் தோல் வாரும் சேர்ந்த காலிப்பர், வலது கக்கத்தில் மரத்தாலான ஊன்றுகட்டை. நான் பிறக்கும்போதே அவள் அப்படித்தான் நடந்தாள் என்பதால் சிறுவயதில் எனக்கு அது விசேஷமாகத் தெரிந்ததில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு எடுத்தாள். எங்கள் வீடு இருந்த செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் தனியாகப் போய் வருவாள். கண்டக்டர்கள் அவளுக்காக ஒரு நிமிஷம் வண்டியைப் பிடித்து வைப்பார்கள். அவளும் சும்மா ஏறமாட்டாள். "இன்னாபா, இன்னிக்கு அஞ்சு நிமிஷம் லேட்டு? மணி பாக்கத் தெரியலன்னா என் கிளாசுக்கு வா, ரெண்டாங்கிளாஸ் பசங்களோட உக்காத்தி வெக்கிறேன்" என்று படிக்கட்டிலேயே ஆரம்பித்துவிடுவாள்.

கஷ்டம் காலில் வரவில்லை, கையில் வந்தது. ஊன்றுகட்டையின் நடுவில் குறுக்காக ஓர் உருளை மரம் இருக்கும். ஒரு நீண்ட போல்ட் அதன் நடுவே நுழைந்து இரண்டு பக்கக் கம்புகளையும் பிடித்துக்கொள்ளும். உடம்பின் பாரமெல்லாம் அந்த உருளையில் வைத்த உள்ளங்கையில்தான் இறங்கும். முப்பது வருடம் அப்படி இறங்கியதில், கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதை காய்த்துப்போய், பிறகு விரல்கள் மரக்கத் தொடங்கின. சாக்பீஸ் பிடித்துப் பாதிக் கணக்கு போடும்போது விரல் நழுவும். உள்ளங்கையில் நரம்பு நசுங்குகிறது, பாரம் ஒரே இடத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொன்னார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை.

இது இரண்டாயிரத்து நான்காம் ஆண்டின் தொடக்கத்தில். அந்த ஜூன் மாதம் அக்காவுக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வரும் என்று தெரிந்திருந்தது. எந்தப் பள்ளி காலியோ அங்கே போகவேண்டும். அம்மாவுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. இருக்கிற இடத்திலேயே சாதாரண டீச்சராக இருந்துவிட்டுப் போகட்டும் என்பது அவள் கட்சி. அக்கா விடவில்லை. சமையலறை வாசலில் நின்றுகொண்டு இருவரும் பேசியது எனக்கு நினைவிருக்கிறது.

"கையே வெளங்கல. இதுல எந்தக் காட்டுக்கோ ரெண்டு பஸ்ஸு மாறிப் போகப் போறாளாம், தலைமை டீச்சரு!"

"கை வெளங்கிட்டா உட்டுடுவியா?"

"வெளங்கட்டும், அப்புறம் பேசு."

"தம்பி, நீ சாட்சிடா. தேதி போட்டு எழுதிக்கோ."

அவள் கேலியாகச் சொன்னாள். நான் உண்மையிலேயே எழுதிக்கொண்டேன். ஏனென்றால் அந்தக் கையை விளங்கவைக்க என்னிடம் ஒரு வழி இருப்பதாக நான் நம்பினேன்.

அப்போது நான் சுங்குவார்சத்திரத்துப் பக்கம் ஒரு நிறுவனத்தில் வேலை செய்தேன். கார், மோட்டார் உதிரிபாகங்கள் செய்கிற தொழிற்சாலைகளுக்கு, அச்சு வெட்டுவதற்கு முன் மாதிரி செய்து கொடுப்பது எங்கள் தொழில். குளிர்சாதனப்பெட்டி அளவில் ஓர் இயந்திரம் வைத்திருந்தோம். இன்றைக்குப் பள்ளிக்கூடக் கண்காட்சியில்கூட அதன் பேரக்குழந்தைகள் உட்கார்ந்திருக்கின்றன. அன்று அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வருவார்கள். கணினியில் வரைந்ததை அது அப்படியே செய்து தரும். பிளாஸ்டிக் இழையை உருக்கி, ஊசிமுனை வழியாகக் கோடு கோடாக இழுத்து ஓர் அடுக்கு போடும். அது ஆறியதும் அதன்மேல் இன்னோர் அடுக்கு. இப்படி நூற்றுக்கணக்கில் அடுக்கி, மறுநாள் காலையில் பொருளைக் கையில் கொடுத்துவிடும். நாங்கள் அதை ரேப்பிட் மெஷின் என்றுதான் சொல்வோம்.

ஒரு சனிக்கிழமை சப்பாத்தி மாவைப் பிசைந்து அக்காவின் ஊன்றுகட்டை உருளையைச் சுற்றி அப்பினேன். "ம், பிடி. நடக்கிற மாதிரியே அழுத்து" என்றேன். அவள் அழுத்தினாள். உள்ளங்கையின் மேடு பள்ளமெல்லாம் மாவில் பதிந்தது. அது காய்ந்து சுருங்குவதற்குள் பதினான்கு இடங்களில் வெர்னியர் அளவுகோலால் அளந்து எழுதிக்கொண்டேன். "இவ்ளோ மாவு. நாலு சப்பாத்தி ஆயிருக்கும்" என்றாள் அம்மா. அடுத்த வாரம் முழுக்க அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரைந்தேன். எங்கள் மேலாளர் எட்டிப் பார்த்தார். ராணிப்பேட்டைக்காரர். நல்ல மனிதர். பாதி விளையாட்டாகவே பேசுவார்.

"யாருக்குபா இது?"

"அக்காவுக்கு சார்."

"செஞ்சுக்கோ, வேணாங்கல. ஆனா ஒண்ணு சொல்றேன். நாம செய்யறது கஸ்டமர் கையில வெச்சுத் திருப்பிப் பாக்கற சாமான். பாரம் தாங்கற சாமான் இல்ல. ஷோரூம் பொம்மைக்குப் பட்டுப்புடவை கட்டி வெக்கறாங்க. அது கல்யாணத்துக்குப் போவுமா?"

நான் சிரித்துவிட்டு வரைவதைத் தொடர்ந்தேன்.

முதல் கைப்பிடியை மார்ச் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை கொண்டுவந்து போல்ட்டில் மாட்டினேன். அக்கா அதைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் மூன்று முறை நடந்தாள். நாலாவது முறை கதவு வரை போய்த் திரும்பி, "இது என் கையைப் பிடிச்சுக்கினு இருக்குதுடா. நான் பிடிக்கல" என்றாள். அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு வாரத்தில் விரல் மரப்பது பாதியாகக் குறைந்துவிட்டது. அம்மாகூட வாய் திறக்கவில்லை. பத்தொன்பதாம் நாள், வகுப்பில் கரும்பலகைக்கும் மேசைக்கும் நடுவில், டக்கென்று கைப்பிடி குறுக்கே ஒடிந்தது. போல்ட் உள்ளே இருந்ததால் அவள் விழவில்லை. ஒடிந்த இரண்டு பாதிகளும் விலகி மறுபடி சேர்ந்தபோது உள்ளங்கைச் சதையைக் கவ்விக்கொண்டன. ரத்தக் கட்டோடு வீட்டுக்கு வந்தாள்.

ஒடிந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குக் காரணம் புரிந்துவிட்டதாக நினைத்தேன். நாணயங்களை அடுக்கியதுபோல நான் அதைச் செங்குத்தாக நிற்கவைத்து அடுக்கியிருந்தேன். வளைக்கும்போது இரண்டு அடுக்குகளுக்கு நடுவில் விட்டுப்போனது. ஒரே அடுக்குக்குள் ஓடும் இழை பலமானது. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் உள்ள ஒட்டுதான் பலவீனம். கீழே உள்ளது ஆறிய பிறகு மேலே சூடாக விழுவதால் இரண்டும் ஒன்றாகக் கலப்பதில்லை. செவிலிமேட்டில் எங்கள் வீட்டுக்குத் தளம் போட்டபோது மழை வந்து பாதியில் நிறுத்தி, மறுநாள் மீதியைப் போட்டார்கள். அந்தக் கோட்டில் இன்றுவரை ஒழுகுகிறது. கைப்பிடியில் அப்படிப்பட்ட கோடுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன. இது நான் அறியாத விஷயமல்ல. அறிந்தும் அந்தத் திசையில் வைத்தது, அப்படி வைத்தால்தான் விரல் பதியும் பள்ளங்கள் வழவழப்பாக வரும் என்பதற்காக.

அன்று அக்காவிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. "கீழே போட்டியா?"

"இல்லடா."

"வெயில்ல எங்கயாவது வெச்சியா?"

"இல்லன்னேன்ல."

இரண்டாவதைப் படுக்கைவசத்தில் வைத்துச் செய்தேன். இழைகள் நீளவாக்கில் ஓடின. இனி குறுக்கே ஒடிய வழியில்லை. தமிழ்ப் புத்தாண்டு கழிந்த வாரம் கொடுத்தேன். அக்கா அதை முதலாவதைவிடப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டாள் என்பது எனக்கே தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் கட்டையைச் சுவரில் சாய்க்காமல் மூலையில் படுக்கவைப்பாள். கைப்பிடியின் மேல் ஒரு கைக்குட்டை சுற்றியிருக்கும். ஒரு வாரம் கழித்து நான் பரிசோதித்தபோது அதில் ஒரு மினுமினுப்பு வந்திருந்தது. நோட்டில் இப்படி எழுதியிருக்கிறேன்: "நிறம் சற்றே மஞ்சளாகியிருக்கிறது. கைபட்டுக் கைபட்டு மெருகு ஏறிவிட்டது. திருப்தி." பதினோராம் நாள், பேருந்து நிலையத்தில் படியேறும்போது, அது மூங்கில் பிளப்பதுபோல நீளவாக்கில் பிளந்தது. ஒரு பூக்காரம்மா அக்காவின் இடுப்பைப் பிடித்துத் தாங்கியதால் தப்பித்தாள்.

நான் மறுபடியும் கேட்டேன். "கீழே போட்டியா? உண்மையச் சொல்லு."

அவள் என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. வகுப்பில் காப்பியடித்ததாகப் பொய்யாகப் பிடிபட்ட பிள்ளையின் பார்வை. "நான் இன்னா கொழந்தையா, தூக்கிப் போட்டு ஒடைக்க?" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. அவள்மேல் பாதி, பிளாஸ்டிக்மேல் பாதி. குறுக்கே பலவீனம் என்றால் குறுக்கே ஒடிகிறது. நீளவாக்கில் திருப்பினால் நீளவாக்கில் பிளக்கிறது. அதுவும் முன்னதைவிடச் சீக்கிரமாக. காற்றின் ஈரத்தை உறிஞ்சிய இழையாக இருக்குமோ என்று புதுச் சுருளைப் பிரித்தேன். இயந்திர அறையின் சூட்டைத் தினமும் காலை, மதியம், மாலை குறித்தேன். நோட்டில் ஒன்பது கட்டம் போட்டு அட்டவணை வரைந்தேன். அடுக்கின் கனம், திசை, கைப்பிடியின் வெளிச்சுவர்க் கனம், சுருளின் எண், செய்த நாள், கொடுத்த நாள், உடைந்த நாள், இடம், அன்றைய வெயில். உடைந்த துண்டுகளை மேலாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். ஓரங்களில் மயிரிழைபோல வெள்ளைக் கோடுகள் ஓடியிருந்தன. பிறகு மூக்கருகில் கொண்டுபோனார்.

"இன்னாபா, உங்க வீட்ல இதைத் தலைக்குத் தேச்சுக் குளிக்கறாங்களா? எண்ணெ வாசன வருது."

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அது சுருக்கென்று பட்டது. ஊனமுற்ற அக்காவின் கையைப் பற்றி, எங்கள் வீட்டைப் பற்றிக் கேலி செய்கிறார் என்று தோன்றியது. துண்டுகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மனிதர் சொன்னதைக் கேலியாக எடுத்துக்கொள்ளாமல், ஒரு கேள்வியாக எடுத்துக்கொண்டிருந்தால் போதும். என் அட்டவணையில் பத்தாவதாக ஒரு கட்டம் சேர்ந்திருக்கும்.

மே மாதத்தில் உத்தரவு வந்தது. முசரவாக்கம் பள்ளி. பள்ளி திறக்கும் நாளில் சேரவேண்டும். செவிலிமேட்டிலிருந்து பேருந்து நிலையத்துக்கு ஒன்று, அங்கிருந்து இன்னொன்று, இறங்கிய பிறகு நடை. அம்மா, "கைக்கு ஒரு வழி பண்ணு, அப்புறம் போ" என்று பழைய பேச்சையே சொன்னாள். அந்த வழி நான்தான். வாடிக்கையாளர் வேலைக்கு நடுவில் இயந்திரம் எனக்குக் கிடைக்கப் பல நாட்கள் ஆயின. மூன்றாவது கைப்பிடியில் உள்ளே காலியிடமே விடவில்லை, முழுக் கெட்டி. அடுக்குகளைச் சாய்வாக வைத்தேன், ஒரே திசையில் பாரம் விழாதபடி. இதற்குமேல் எனக்கு வித்தை தெரியாது என்கிற அளவுக்குச் செய்தேன். பெருமாள் கோயிலில் வைகாசி பிரம்மோற்சவம் நெருங்கிக்கொண்டிருந்தது. கருட சேவைக்கு ஐந்து நாள் முன்பு அதை அக்காவிடம் கொடுத்தேன். "இது ஒடையாது" என்றேன். "ஒடைய உடமாட்டேன்" என்றாள் அவள்.

கருட சேவை அன்று காலையில் ஊர் எப்படியிருக்கும் என்று காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நானும் அக்காவும் காந்தி ரோட்டில் ஒரு கடையின் படிக்கட்டு ஓரமாக நின்றோம். கூட்டத்தில் தனியாக நின்று காட்டவேண்டும் என்று அவளுக்குப் பிடிவாதம்; என் கையைத் தட்டிவிட்டாள். தூரத்தில் குடை அசைவது தெரிந்ததும் சனம் ஒரே அலையாகப் பின்வாங்கியது. அக்கா கட்டையை அழுத்தி ஊன்றினாள். கைப்பிடி நொறுங்கியது. இந்த முறை ஒடியவும் இல்லை, பிளக்கவும் இல்லை. நாலைந்து துண்டாக, காய்ந்த முட்டை ஓடுபோலக் கழன்று விழுந்தது. வலது மணிக்கட்டு மடங்கி, அவள் முழு உடம்போடு தரையில் சரிந்தாள். "அய்யோ, தூக்குங்கபா, மிதிச்சிடப் போறீங்க!" என்று ஒருத்தி கத்தினாள். இரண்டு மூன்று பேர் கைகோத்து வேலிபோல நின்றார்கள். பெருமாள் எங்களைத் தாண்டிப் போனார். அக்கா தரையில் உட்கார்ந்தபடியே இடது கையால் கும்பிட்டாள். நான் குனிந்து துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"துண்டப் பொறுக்கறியா?" என்றாள் அவள். "என்னைத் தூக்குடா மொதல்ல."

மணிக்கட்டில் எலும்பு முறியவில்லை, வீக்கம்தான். மாவுக்கட்டு போடாமல் பேண்டேஜோடு விட்டார்கள். அன்று மாலை நான் நாலாவது கைப்பிடி பற்றிப் பேச ஆரம்பித்தபோது அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். "வேணாம்பா. உன் மூணும் போதும்." மறுநாள் பழைய மர உருளையை எடுத்து, அதன்மேல் பழைய துண்டைச் சுற்றி, அதன்மேல் சைக்கிள் டியூபை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பள்ளி திறந்த நாளில் அதை ஊன்றிக்கொண்டு முசரவாக்கம் போய்க் கையெழுத்துப் போட்டாள். அம்மா தடுத்துப் பார்த்தாள். "நீ கை வெளங்கட்டும்னு சொன்ன. கை எப்ப வெளங்கறது, நான் எப்பப் போறது?" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள். அப்படி அவள் போய் வந்ததைப் பார்த்து நாங்கள் எல்லோரும் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமைக்கு நடுவில், அவள் விரல்கள் என்ன ஆகின்றன என்று கேட்பதை விட்டுவிட்டோம். அடுத்த வருடமே அவள் கரும்பலகையில் இடது கையால் எழுதப் பழகிக்கொண்டிருந்தாள். எனக்கு அது தெரிந்தது, ஒரு மாணவனின் அப்பா பஸ்ஸில் சொன்னபோதுதான்.

மூன்று வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கையேடு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் கைப்பிடிகளைச் செய்த அதே வகைப் பிளாஸ்டிக்கைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அதன் சாரம் இவ்வளவுதான்: பாரம் தனியாக அதை ஒன்றும் செய்யாது, எண்ணெய் தனியாக அதை ஒன்றும் செய்யாது, பாரத்தில் இருக்கும்போது எண்ணெய் பட்டால், தாங்கக்கூடிய பாரத்திலேயே, முதலில் வெள்ளைக் கோடாகவும் பிறகு விரிசலாகவும் விட்டுப்போகும். நான் அந்தப் பத்தியை மூன்று முறை படித்தேன். பிறகு தலையை நிமிர்த்தினேன். எதிரே வராண்டாவில் அக்கா உட்கார்ந்து, கழற்றி வைத்த காலிப்பரை மடியில் போட்டுக்கொண்டு, தோல் வார்களுக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் செய்கிற காரியம் அது. எண்ணெய் போடாவிட்டால் தோல் காய்ந்து வெடிக்கும். வெடித்த வார் தொடையை அறுக்கும். கட்டையின் மரத்துக்கும் அப்படியே. எண்ணெய் குடித்த மரம் வெடிக்காது. அவள் உடம்போடு சேர்ந்த எல்லாப் பொருளையும் அவள் வெடிக்காமல் காப்பாற்றியது எண்ணெயால்தான். அந்தக் காட்சியை ஆயிரம் ஞாயிற்றுக்கிழமைகளாவது நான் பார்த்திருப்பேன்.

"அக்கா, அந்தக் கைப்பிடிக்கும் எண்ணெய் போட்டியா?"

"எந்தக் கைப்பிடி?"

"நான் செஞ்சது."

"போடாம? மொதல்ல ஞாயித்துக்கெழமதான் போட்டுக்கினு இருந்தேன். அது ஒடைஞ்சதும் நீ மூஞ்சத் தூக்கி வெச்சுக்கினியே, சரி, போதாது போலன்னு அடுத்ததுக்கு ரெண்டு நாளைக்கு ஒரு தடவ போட்டேன். கடைசிக்கு தெனமும். ராவெல்லாம் எண்ணெத் துணி சுத்தி வெச்சு, காலையில தொடச்சு எடுத்துக்கினு போவேன். எப்படி மின்னிச்சு பாத்தியா?"

பத்தொன்பது நாள், பதினோரு நாள், ஆறாம் நாள். எண்கள் வரிசையாக என் கண்முன் நின்றன. நான் செய்வது கெட்டியாகக் கெட்டியாக அது ஏன் சீக்கிரம் சீக்கிரமாக உடைந்தது என்று மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். அடுக்குகளுக்கு நடுவில் இருந்த நுண்ணிய இடைவெளிகள் விளக்குத் திரிபோல எண்ணெயை உள்ளே இழுத்திருக்கின்றன. எனக்கு வந்தது வருத்தம்கூட இல்லை, எரிச்சல்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

அவள் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தாள். துடைக்கும்போதே வலது கையின் சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்காமல் நின்றதைப் பார்த்தேன்.

"நீ கேட்டியா? கீழ போட்டியா, வெயில்ல வெச்சியா, உண்மையச் சொல்லு. இதான கேட்ட, போலீஸ்காரன் மாதிரி? ஒழுங்காப் பாத்துக்கினியான்னு ஒரு நாள் கேட்டியா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன், எண்ணெ போட்டுப் போட்டுப் பாத்துக்கினேன்னு." பிறகு என் முகத்தைப் பார்த்து, "இன்னாடா? எண்ணெ போடக் கூடாதா அதுக்கு?" என்றாள்.

நான் சொன்னேன். அவள் காலிப்பரின் கடைசி வாருக்கு எண்ணெய் போட்டு முடித்தாள். "நல்லாத்தான் பாத்துக்கினேன், போ" என்றாள் கடைசியில். அவள் குரலில் இருந்தது சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தோடு விட்டுவிட என்னால் முடியவில்லை. அலுவலகத்தில் மேலும் இரண்டு கைப்பிடிகளைச் செய்தேன், மூன்றாவதன் அதே வரைபடத்தில். வீட்டுக்குப் பின்புறம் ஒரு கம்பியில் இரண்டையும் கோத்து, ஒவ்வொன்றிலும் சம எடையில் மணல் மூட்டை தொங்கவிட்டேன். ஒன்றுக்கு மட்டும் தினமும் எண்ணெய் தடவினேன். எண்ணெய் தடவியது ஏழாம் நாள் உதிர்ந்தது. தடவாதது ஆடி, ஆவணி தாண்டி, தீபாவளிக்கு முந்தின வாரம் வரை தாங்கியது. பிறகு அதுவும், அடுக்கின் கோட்டில், மெதுவாக விட்டுப்போனது. ஆக மேலாளர் சொன்னதும் உண்மை. அது பாரம் தாங்கப் பிறந்த சாமான் இல்லை, என்றாவது ஒருநாள் விட்டிருக்கும். ஆனால் மாதக்கணக்கில் தாங்கியிருக்கும். ஒன்று விடுவதற்குள் இன்னொன்று செய்து கொடுத்திருப்பேன். கருட சேவையையும் ஜூன் மாதத்தையும் தாண்டியிருப்பாள். எண்ணெய் மட்டும் போடாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்வதற்கு எண்ணெய் போடுகிறாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ள ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை மூடிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மறுபடியும் செய்து தருகிறேன் என்று எத்தனையோ முறை சொன்னேன். இடது கை பழகிவிட்டது என்று சொல்லிவிட்டாள். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறாள். பலவகைப் பிளாஸ்டிக்குகள் வந்துவிட்டன. எண்ணெயைப் பொருட்படுத்தாதவையும் அவற்றில் உண்டு. பக்கத்துத் தெருக் கல்லூரிப் பையன்கள் செய்கிற கைப்பிடிகளைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அக்காவின் வலது கையில் மூன்று விரல்களே மடங்குகின்றன. காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறாள். கூட்டத்தில் நின்று சாமி பார்ப்பதில்லை. காலிப்பருக்கு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் போடுவது மட்டும் நிற்கவில்லை. அந்த வார்கள் இன்றுவரை வெடிக்கவும் இல்லை.

போன வாரம் இழுப்பறையை ஒழித்தபோது மூன்றாவது பொட்டலத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தாளின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எண்ணெய்க் கறை. அந்த இடத்தில் தாள் கண்ணாடிபோல மறுபக்கத்தைக் காட்டுகிறது. கருட சேவை அன்று மாலை, அக்கா பக்கத்து அறையில் மணிக்கட்டுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, துண்டுகளைச் சுற்றிவிட்டு நான் வழக்கம்போல நடுவில் எழுதப் போயிருக்கிறேன். பேனா எழுதவில்லை. இரண்டு மூன்று தடவை அழுத்திக் கிறுக்கியிருக்கிறேன். மை இல்லாத அந்தப் பள்ளங்கள் இப்போதும் விரலுக்குத் தட்டுப்படுகின்றன. பேனாவில்தான் கோளாறு என்று நினைத்து உதறிப் பார்த்துவிட்டு, மூலையில் வைத்து இழுத்திருக்கிறேன். அங்கே எழுதியது. அங்கேயே எழுதி முடித்துவிட்டேன். தேதி, இடம், அடுக்கின் திசை எல்லாம் சரியாகத்தான் இருக்கின்றன.